பழவேற்காட்டுக் குப்பங்களில் காலி நிலம் யாருக்குச் சொந்தம்? நில ஆவணங்களின் வரலாறு

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள கடற்கரை ஊர். இதை ஒட்டியுள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்திட்டிலும் ஏரிக்கரையிலும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகள் உள்ளன.

இக்குப்பங்களில் வீடுகளுக்கும் கடலுக்கும் இடையில் வெறும் மணலாகத் தெரியும் இடம் உண்மையில் வெறும் மணல் அல்ல. படகு ஏற்றுவதும், வலை காயவைப்பதும், கருவாடு உலர்த்துவதும், ஊர்க்கூட்டம் கூடுவதும் அங்கேதான். ஆனால் அந்த இடத்தின் புல எண்ணை வருவாய்த் துறைப் பதிவேட்டில் தேடினால் பெரும்பாலும் எந்த மீனவர் பெயரும் இருக்காது. "அரசு புறம்போக்கு" அல்லது "தரிசு" என்று மட்டும் இருக்கும். புழக்கத்தில் ஊருக்குச் சொந்தமான நிலம் ஏட்டில் ஏன் காலி நிலமாக இருக்கிறது? இக்கேள்விக்கு விடை காண, சுமார் 250 ஆண்டுகால நில ஆவண வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

புறம்போக்கு என்னும் சொல்

இன்று "புறம்போக்கு" என்பதை வசைச்சொல்லாகவும் பயன்படுத்துகிறோம். அதன் முதற்பொருள் அதுவன்று. சாகுபடிக்கும் வரிக்கும் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதே பொருள். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் வெளி, சுடுகாடு, களம், பாதை எல்லாம் இதில் அடங்கும். வரி கிடையாது என்பதற்காக இந்நிலங்கள் பயனற்றவை ஆகிவிடவில்லை. எல்லோருக்கும் பயன்படுவதால்தான் தனி ஒருவர் மீது வரி போடாமல் விட்டார்கள்.

வருவாய்க் கணக்கில் புறம்போக்கும் தரிசும் ஒன்றல்ல. புறம்போக்கு, பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்டது. தரிசு, யாருக்கும் பட்டா கொடுக்கப்படாமல் கிடப்பது. தரிசிலும் "தீர்வை ஏற்பட்ட தரிசு", "தீர்வை ஏற்படாத தரிசு" என இரு வகை உண்டு. முதல் வகை சாகுபடிக்கு உகந்தது எனக் கருதி வரி கணக்கிடப்பட்டது. வரி கணக்கிடத் தகுதியற்றது என விடப்பட்ட மணல்மேடு, உவர்நிலம், பாறை முதலியன இரண்டாம் வகை. கடலோர மணல் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலோ புறம்போக்கிலோ சேர்க்கப்பட்டது. உழவனின் கண்ணால் நிலத்தை அளந்த கணக்கு அது. நெல் விளையாத இடம் அதற்குத் தரிசு. வலை காயும் இடத்துக்கென்று அந்தக் கணக்கில் தனிப் பத்தி இல்லை.

டச்சுக்காரர் காலம்

பழவேற்காட்டின் நில வரலாறு சுற்றியுள்ள ஊர்களின் வரலாற்றிலிருந்து சற்று வேறுபட்டது. விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியின் அனுமதி பெற்று இங்கு வணிகம் தொடங்கிய டச்சுக்காரர்கள், 1613இல் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே. 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்த பின் தலைமையிடம் மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்தது. 1806இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தனர். 1824ஆம் ஆண்டு ஆங்கில – டச்சு உடன்படிக்கையின்படி 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசம் வந்தது. டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

இதே டச்சுக்காரர்கள் இலங்கையில் வேறு விதமாகச் செயல்பட்டனர். போர்த்துக்கேயர் தொடங்கிய நிலப் பதிவேடுகளை அவர்கள் தொடர்ந்து விரிவாக எழுதினர். "தோம்பு" எனப்பட்ட அவற்றில் யாழ்ப்பாணம் உள்ளிட்ட பகுதிகளின் காணிகளும் உடைமையாளர்களும் பதிவாயினர். அங்கு அவர்கள் நிலவரி வாங்கும் ஆட்சியாளர்கள். இங்கு துணி வாங்கும் வணிகர்கள். எந்த அரசு எதற்கு வரி வாங்குகிறதோ அதைத்தான் எழுதி வைக்கும். நில ஆவணங்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜாகீரும் மிராசும்

பழவேற்காட்டைச் சூழ்ந்த செங்கல்பட்டுப் பகுதியை 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு இந்த ஜாகீரின் ஊர்களைக் கணக்கெடுத்தார். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஊர்களின் நிலவுரிமை முறையை விரிவாக எழுதி வைத்தார்.

அப்போது ஆங்கிலேயரைக் குழப்பியது "காணியாட்சி" என்னும் மிராசு முறை. ஊர் நிலம் முழுவதும் பங்குகளாகக் காணியாட்சிக்காரர்களுக்கு உரியது; சாகுபடி நிலத்தில் மட்டுமின்றித் தரிசிலும் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்றார்கள். அப்படியானால் ஊரில் சும்மா கிடக்கும் தரிசு யாருக்குச் சொந்தம்? மிராசுதாரருக்கா, அரசுக்கா? சென்னைக் கலெக்டராயிருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதிய நூல் 1818இல் வெளிவந்தது. திராவிட மொழிக் குடும்பம் பற்றிய ஆய்வுக்காக நாம் நினைவுகூரும் அதே எல்லிஸ்தான்.

இந்த விவாதத்தில் இரு தரப்பினர் இடம் பெறவே இல்லை. ஒருவர், நிலத்தில் உழைத்தும் பங்கு இல்லாத ஒடுக்கப்பட்ட மக்கள். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அவர்கள் நிலை குறித்து அறிக்கை அளித்தார். தரிசு கேட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற முறை அவர்களை நிலமற்றவர்களாகவே வைத்திருந்ததை அவ்வறிக்கை காட்டியது. அதன் பின் 1892ஆம் ஆண்டு அரசாணைப்படி ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். மற்றொரு தரப்பினர் கடலோர மீனவர்கள். அவர்கள் நிலத்துக்குப் பங்கு கேட்கவுமில்லை. யாரும் அவர்களைக் கேட்கவுமில்லை.

ரயத்துவாரி அளவை

1802இல் ஜாகீர் பகுதி மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டது. அவற்றில் பல தோல்வியடைந்து மீண்டும் அரசிடம் வந்தன. 1820இல் தாமஸ் மன்றோ ஆளுநரான பின், அரசும் உழவரும் நேரடியாகத் தொடர்பு கொள்ளும் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் பரவியது. தொடக்கத்தில் "பைமாஷ்" எனப்பட்ட அளவையும், 1858க்குப் பின் சங்கிலி கொண்டு நடத்தப்பட்ட முறையான நில அளவையும் வந்தன. பழைய கிரயப் பத்திரங்களில் "பைமாஷ் எண்" என்று காணப்படுவது இந்த முந்தைய அளவையின் எண்ணாகும்.

அளவுகளும் மாறின. செங்கல்பட்டுப் பகுதியில் 2,400 சதுர அடி ஒரு மனை. 24 மனை ஒரு காணி. அதாவது ஒரு காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். இன்று பதிவேடுகளில் ஹெக்டேரும் ஏரும் இருக்கின்றன. ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். பழைய பத்திரத்தையும் இன்றைய பதிவேட்டையும் ஒப்பிடும்போது இந்தக் கணக்கு தவறினால் நிலமே மாறிவிடும்.

1905ஆம் ஆண்டுச் சட்டம்

கேள்விக்குச் சட்டபூர்வ விடை 1905இல் வந்தது. அவ்வாண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுப் பாதைகள், உயர் அலைக்கோட்டுக்குக் கீழான கடற்படுகை, ஆறு, ஓடை, ஏரி, காயல், கால்வாய் ஆகியவற்றையும், ஜமீன்தார், இனாம்தார், பட்டாதாரர் போன்றோருக்கு உரியதென நிறுவப்படாத எல்லா நிலங்களையும் அரசின் சொத்து என அறிவித்தது. அதுவரை பெயர் எழுதப்படாமல் ஊர் ஊராகப் புழங்கிவந்த நிலம் ஒரே பிரிவினால் அரசுடையது ஆயிற்று.

அனுமதியின்றிக் குடியிருப்போருக்கு "பி மெமோ" கொடுத்துத் தீர்வை வசூலிப்பதும், அறிவிப்புக் கொடுத்து அகற்றுவதும் இச்சட்டத்தின் கீழ்தான். பல கடலோரக் குடும்பங்களிடம் தம் மனைக்கு உள்ள ஒரே பழைய தாள் இந்த பி மெமோ ரசீதாகவே இருக்கும். அது உரிமைப் பத்திரம் அன்று. ஆனால் இத்தனை ஆண்டுகளாக இங்கே இருந்தோம் என்பதற்குச் சான்று.

இச்சட்டத்தின் அதே பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அரசின் சொத்துரிமை, பொதுமக்களின் வழியுரிமைக்கும், சட்டப்படி நிலைத்துள்ள வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டது என்று அது கூறுகிறது. நிலம் அரசுடையதாக இருந்தாலும், அதில் ஊரார்க்கு வழிவழியாக உள்ள புழக்க உரிமை தானாக அழிந்துவிடுவதில்லை. ஆனால் அந்த வழக்காறு உண்டு என்று மெய்ப்பிக்கும் சுமை ஊரார் மேல் விழுந்தது.

விடுதலைக்குப் பின்

1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஊர்களும், 1963ஆம் ஆண்டுச் சட்டங்களால் இனாம் நிலங்களும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் பொன்னேரி வட்டத்தின் ஒரு பகுதியும் ஆந்திரத்துக்குச் சென்றது. எனவே வட பகுதியின் சில பழைய ஆவணங்களைத் தேடுவோர் மாநில எல்லையையும் தாண்ட வேண்டியிருக்கும். திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் உருவானது. அதற்கு முந்தைய ஆவணங்களில் மாவட்டத்தின் பெயர் செங்கல்பட்டு.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை, அதன் ஆங்கிலச் சுருக்கப்படி "யு.டி.ஆர்." என்பர். நிலத்தை அனுபவிப்பவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதே நோக்கம். இன்றைய கணினிப் பட்டாவுக்கு அடிப்படை இதுதான். இடையில் 1980 நவம்பரில் பரம்பரை கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். கர்ணத்தின் நினைவில் இருந்த பல செய்திகள் ஏட்டில் ஏறாமலே போயின. கடலுக்குப் போயிருந்தவர் பெயர் விடுபட்டதும், பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் மணல்மேடு ஏறியதும் போன்ற பிழைகள் இக்காலத்தில் நேரக்கூடியவையே. அவற்றைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யும் வழி உள்ளது.

உரிமையாளரைக் கண்டறியும் முறை

காலி நிலம் ஒன்றின் உடைமையை அறிய விரும்புவோர் பின்வரும் வரிசையில் தேடலாம்.

1. வருவாய்க் கிராமத்தை அறிதல்: குப்பத்தின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல குப்பங்கள் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கும். தேடல் தவறிப்போகும் முதல் இடம் இது.

2. புல எண்ணை அறிதல்: கிராம வரைபடத்தில் புல எண்ணையும், புல வரைபடத்தில் அதன் எல்லை, உட்பிரிவு, அளவுகளையும் காணலாம்.

3. அ-பதிவேடு: ஒவ்வொரு புல எண்ணுக்கும் நன்செய், புன்செய், புறம்போக்கு என்ற வகைப்பாடு, பரப்பு, தீர்வை, பட்டா எண், பெயர் ஆகியன இதில் இருக்கும். குறிப்புப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். மேய்க்கால், சுடுகாடு, உப்பளம், பஞ்சமி நிலம் போன்ற விவரங்கள் அங்கேதான் கிடைக்கும்.

4. சிட்டாவும் அடங்கலும்: ஒருவர் பெயரில் உள்ள நிலங்களைச் சிட்டாவும், ஆண்டுதோறும் நிலம் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அடங்கலும் காட்டும்.

5. வில்லங்கச் சான்றிதழ்: சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண் மீது பதிவான கிரயம், அடமானம், தானம் முதலியவற்றை இது காட்டும். பதிவு செய்யப்படாத பாகப்பிரிவும் வாய்மொழி ஏற்பாடும் இதில் வராது.

6. பழைய பதிவேடுகள்: ஐயம் இருந்தால் யு.டி.ஆர். காலத்துக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கேட்டுப் பெறலாம். இன்னும் பழையவற்றைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

7. பிற துறைகளின் உரிமை: பழவேற்காட்டில் இது முக்கியம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் இவ்வழியே செல்கிறது. வனத்துறை, நீர்வளத் துறை ஆகியவற்றின் எல்லையையும் பார்க்க வேண்டும்.

அ-பதிவேடு, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றை அரசின் இணையச் சேவையில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்கலாம்.

பட்டா இருந்தால் போதுமா?

போதாது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். அதற்கு அரசு உறுதி அளிக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. இங்கு பதிவுத் துறை பத்திரத்தைப் பதிகிறதே தவிர உரிமைக்கு உறுதி தருவதில்லை. பட்டா முதன்மையாக வரிக்கான ஆவணம்; அது மட்டுமே உரிமையை உருவாக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. உரிமை என்பது பத்திரம், பட்டா, அனுபவம் மூன்றும் சேர்ந்து காட்டும் ஓர் ஊகம்.

கிராம நத்தம் இதில் தனி வகை. குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தத்தில் வீடு கட்டி வாழ்பவரை 1905 சட்டத்தின் கீழ் அகற்ற இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியுள்ளது. எனவே தம் மனை "நத்தம்" என்று பதிவாகியுள்ளதா, "புறம்போக்கு" என்று பதிவாகியுள்ளதா என்பதைக் குப்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு சொல்லில் ஒரு வீடு நிற்கலாம். ஒரு சொல்லில் போகலாம்.

மணல்திட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்துவாரம் அடைபடும், திறக்கும், இடம் மாறும். கடல் ஒருபுறம் அரிக்கும், மறுபுறம் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். கடல் கொண்ட இடம் வரைபடத்தில் இருக்கும், தரையில் இருக்காது. நடுகல் நட்டு அளந்த எல்லை நகரும் மணலுக்குப் பொருந்துவதில்லை.

எழுதப்படாத பதிவேடு: பாடு முறை

மீனவர்களிடம் உரிமைப் பதிவேடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஏரியில் "பாடு" என்னும் முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவற்றின் பட்டினவர் சமூகத்தில், தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவர்கள் சீட்டுப் போட்டு, இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்பதில் குழப்பம் இல்லை. இம்முறைக்கு வெளியே இருப்போர், குறிப்பாக அதில் இடம் பெறாத பிற சமூகத்தினர், இதை ஏற்காமல் சச்சரவுகள் எழுந்ததும் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டவரும் விடுபட்டவரும் இருப்பார்கள் போலும்.

இலங்கையின் நீர்கொழும்புக் காயலில் இதுபோன்ற கட்டுவலை முறையை அந்நாட்டு அரசு 1958இல் விதிகளாக்கி ஏற்றது. வழக்காற்றை எழுத்தில் ஏற்றிய அரசு பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இன்று ஏன் இது முக்கியம்?

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை 172, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு அப்பால் புதிய வீடு பெறும் வாய்ப்பை அளித்தது. அதை ஏற்றால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். வீடா, கரையா என்ற கேள்வி தமிழகக் கடற்கரை முழுவதும் எழுந்தது.

தெற்கே காட்டுப்பள்ளியில் 2013இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018இல் அது அதானி குழுமத்தின் வசம் வந்தது. சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேலாக அதை விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. வாழ்வாதாரமும் ஏரியும் பாதிக்கப்படும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் அதை எதிர்த்து வருகின்றனர். 2021 சனவரியில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் பட்டா நிலத்தை எடுக்க அறிவிப்பும் இழப்பீடும் வேண்டும். புறம்போக்கு ஏற்கெனவே அரசுடையது என்பதால் அதை எடுக்கக் கிரயம் தேவையில்லை. வேறு துறைக்கு மாற்றினால் போதும். "காலி" என்ற ஒரு சொல்லின் விலை இங்கேதான் தெரிகிறது.

மீனவருக்குத் துணையாகச் சில சட்டக் கருவிகள் உள்ளன. 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நீர்நிலைகளை நம்பி வாழும் மீனவர், படகோட்டிகளின் குடும்பங்களையும், அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்ற வரையறையில் சேர்த்தது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால் இவை எதுவும் தானாக வேலை செய்யாது. எந்தப் புல எண்ணில் வலை காய்கிறது, எந்தப் புல எண்ணில் படகு ஏறுகிறது என்று ஊரே எழுதி வைத்திருக்க வேண்டும். வரைபடத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது அதைக் காட்ட வேண்டும். பள்ளி மாணவர்கள் கூட இதைச் செய்யலாம். தம் ஊரின் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, முதியவர் ஒருவருடன் கரையில் நடந்து, ஒவ்வொரு இடத்தின் பெயரையும் பயனையும் குறித்தால் அது நல்ல வரலாற்றுப் பயிற்சி. முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய பயிற்சியும் கூட.